குமிழ் இல்லாத நீலக் கார்

என் தங்கை பெர்மெத்தின் கணவர் ஜர்லிக் இருபத்து மூன்று ஆண்டுகள் பிஷ்கெக் நகரத்தில் டிராலி பஸ் ஓட்டினார். அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் ஒருவரையும் முந்தியதில்லை.

இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. டிராலி பஸ்ஸின் பிறவி அப்படி. தலையில் இரண்டு கொம்பு, கொம்புக்கு மேலே இரண்டு மின்கம்பி. முன்னால் போகிற டிராலி பஸ் நின்றுவிட்டால் பின்னால் வருகிறதும் நின்றே ஆக வேண்டும். கொம்பு கம்பியை விட்டு நழுவினால் ஓட்டுநர் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்பக்கம் போய், கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி கோர்க்க வேண்டும். கொட்டுகிற பனியில் ஜர்லிக் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கோர்ப்பார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஜன்னலைத் தட்டி இடப்பக்கம், வலப்பக்கம் என்று யோசனை சொல்வார்கள். அவர் எல்லார் யோசனையையும் கேட்பார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய குறை.

பிறகு கம்பிகளை எல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். அவருக்கு பேட்டரி பஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். கொம்பும் இல்லை, கம்பியும் இல்லை, இஷ்டம்போல முந்தலாம். அவர் முந்தவில்லை. முன்னால் ஒரு பஸ் நின்றால் இவரும் பின்னால் நின்று, அது கிளம்பும்வரை காத்திருப்பார். பயணிகள் திட்டினார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு ஒரு கார் வாங்க வேண்டும் என்றார். நாற்பத்தெட்டு வயது மனிதர், இதுவரை சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொள்ளாதவர், கேட்பது நியாயம்தானே என்று எங்களுக்கும் பட்டது. என்ன கார் என்று பெர்மெத் கேட்டாள்.

"ஜப்பான் வண்டி. டர்போ வெச்சது. கியர் கையால போடுறது," என்றார்.

பெர்மெத் என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

ஏன் என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "இருபத்து மூணு வருஷமா எவனோ ஒருத்தன் முதுகையே பாத்துக்கிட்டு ஓட்டியாச்சு. ஒரு தடவையாவது தாண்டிப் போய்ப் பாக்கணும்."

என் தங்கை கெட்டவள் இல்லை. வசந்தம் பிறந்து நோரூஸ் பண்டிகை வரும் வரை தேடிக்கொள்ளுங்கள் என்றாள். அதற்குள் நல்ல வண்டி அகப்பட்டால் சரி. இல்லாவிட்டால் பேசாமல் ஏழு பேர் உட்காரும் சாம்பல் நிற வேனை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சாம்பல் நிற வேன் என்னுடையது. அதை விற்க நான் ஒன்றரை ஆண்டாக அலைந்துகொண்டிருந்தேன். ஆகவே இந்தக் கதையில் நான் சொல்வதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கார் கிடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் அவரோடு கார் தேடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊருக்கு வெளியே இருக்கும் கார் சந்தைக்குப் போவோம். சகதியில் வரிசை வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே இறைச்சிச் சம்சா சுட்டு விற்பவர்களின் புகை. முதல் வாரம் ஒரு சிவப்பு வண்டி. அடிபடாதது, பெயின்ட் அடிக்காதது, ஒரே கை, அதுவும் ஒரு இளம்பெண் ஓட்டியது என்றான் விற்பவன். இரண்டாம் வாரம் ஒரு வெள்ளை வண்டி. அடிபடாதது, பெயின்ட் அடிக்காதது, ஒரு இளம்பெண் ஓட்டியது. நான்காம் வாரத்துக்குள் அந்த இளம்பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. நாட்டில் பாதி வண்டிகளை அவளே ஓட்டியிருந்தாள், ஒன்றைக்கூட எங்கும் இடிக்கவில்லை.

ஜர்லிக் பெயின்ட்டின் கனத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி வந்தார். கதவில் வைத்தால் கீச்சென்று கத்தி ஒரு எண்ணைக் காட்டும். இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்றார். அடுத்த வாரமே ஒரு கறுப்பு வண்டி. கதவெல்லாம் சரியான எண், கூரையில் மட்டும் இரண்டு மடங்கு. ஆலங்கட்டி விழுந்து சொட்டையானதால் கூரைக்கு மட்டும் பெயின்ட் அடித்தோம் என்றான் உரிமையாளன். வண்டி தலைகீழாக உருண்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவன் என் காதில் சொன்னான். ஜப்பானிலிருந்து வரும்போதே அப்படித்தான் வரும் என்றான் மூன்றாவது ஆள். ஜர்லிக் மூன்று பேர் சொன்னதையும் கேட்டார். மூன்றையும் நம்பினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே வண்டி எப்படி மூன்று விதமாகவும் இருக்க முடியும் என்று என்னைக் கேட்டார்.

இன்னொரு வண்டியில் மீட்டர் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் என்று காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடந்தது. தொண்ணூறாயிரத்தில் இப்படித் தேயாது, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம். அதற்கடுத்த வண்டியில் ரப்பர் புதிதாக இருந்தது. புதிதாக ஏன் மாற்றினான், எதை மறைக்க மாற்றினான் என்று அதையும் விட்டுவிட்டோம். தேய்ந்தாலும் சந்தேகம், தேயாவிட்டாலும் சந்தேகம்.

எங்கள் பேட்டையில் கெனாடி என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். ரஷ்யர், சிரிக்கவே மாட்டார். அவரிடம் போய் நல்ல டர்போவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஜர்லிக் கேட்டார். கெனாடி கையைத் துணியில் துடைத்தபடி சொன்னார்: "வேகமா ஓட்டணும்னுதான் ஒருத்தன் அந்த வண்டிய வாங்குவான். வாங்கினவன் மெதுவா ஓட்டியிருப்பானா? பெறகு நீ நல்ல வண்டி எங்கேருந்து எடுப்பே?"

இந்த ஒரு பேச்சு ஜர்லிக்கைப் படுக்க வைத்துவிட்டது. ஆனாலும் சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை. பெயின்ட் கருவியைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். "நல்ல வண்டிங்கிறே. அப்ப ஏன் விக்கிறே?"

ஒருவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னான். அவனை அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சந்தையில் பார்த்தோம். ஒருவன் கல்யாணம் என்றான், ஒருவன் விவாகரத்து என்றான். ஒருவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கண்ணீரே விட்டான். அந்த அம்மாள் பின்சீட்டில் உட்கார்ந்து நன்றாக சம்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி மாதத்தில் ஜர்லிக்கின் குழப்பம் முற்றிவிட்டது. என் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றக்கூட மறந்து, கூடத்தில் நின்றார்.

"மச்சான், நான் யோசிச்சுப் பாத்துட்டேன். நல்ல வண்டி வெச்சிருக்கவன் விக்க மாட்டான். விக்கிறவன்கிட்ட இருக்கறது நல்ல வண்டியா இருக்காது. அப்ப நான் எப்படித்தான் வாங்குறது?"

"விக்காதவன்கிட்ட போய் வாங்குங்க மாப்பிள்ளே," என்றேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று பெர்மெத் சொன்னாள். அவள் அதற்குள் என் வேனின் சீட்டுகளுக்கு உறை தைக்க அளவெடுத்துவிட்டாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நோரூஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். டோக்மோக் ஊரில் ஒரு கருநீலக் கார். டர்போ, கை கியர், எல்லாம் அவர் கேட்டபடி. விலைதான் அநியாயம். அந்த மாதிரி வண்டிக்கு யாரும் கேட்காத விலை. இவனுக்குப் பைத்தியமா என்று நான் கேட்டேன். ஜர்லிக்கின் கணக்கு வேறு. மலிவான வண்டியில் குறை இருக்கிறது, நடுத்தர விலையில் மறைத்துவைத்த குறை இருக்கிறது, அதனால் இந்த விலையில் குறையே இல்லாமலும் இருக்கலாம் என்றார். நான் வாதாடவில்லை. பார்த்துவிட்டு வந்தால் ஆசை தீரும், என் வேனும் போகும் என்று கூடவே கிளம்பினேன்.

வண்டிக்காரன் பெயர் உலுக்மான். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. முற்றத்தில் ஆட்டுப்பட்டி, அதற்குப் பக்கத்தில் கார். எங்களைக் கண்டதும் அவன் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வந்தோம் என்றதும், விலையைப் பார்த்தீர்களா என்று கேட்டான். பார்த்தோம் என்றோம். குறைக்க முடியாது என்றான். நாங்கள் குறைக்கச் சொல்லி இன்னும் கேட்கவே இல்லை. ஜர்லிக் வண்டியின் அருகே போனபோது, ஈரத்தில் போகாதீர்கள், பூட்ஸ் அழுக்காகும் என்றான். அடிபட்டதா என்று கேட்டதற்கு, முன் பம்பர் ஒரு தடவை ஆட்டில் இடித்தது என்று பட்டென்று ஒப்புக்கொண்டான். பெட்ரோல் குடிக்குமா என்று கேட்டதற்கு, ரொம்பக் குடிக்கும் என்றான். இளம்பெண் யாராவது ஓட்டினாளா என்று நான் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

ஐந்து மாதம் சந்தையில் பொய்யாகக் கேட்டுப் பழகிய எங்களுக்கு இந்த மனிதனை என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்படி உண்மை பேசுகிறவன் எதையோ பெரிதாக மறைக்கிறான் என்று ஜர்லிக் என்னிடம் கிசுகிசுத்தார்.

அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சகதியில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து வரும்போது வழுக்கியது. உலுக்மான் கையைக் கொடுத்து இழுத்தான். இவர் ஒரு தடவை எழுந்து, மறுபடி வழுக்கி, மறுபடி எழுந்தார். கையை விடவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி மேலும் கீழும் ஆடிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து உலுக்மானின் அப்பா கதிராலிப் பெரியவர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஐம்பது ஆண்டு ஆட்டுச் சந்தையிலும் குதிரைச் சந்தையிலும் தரகு பார்த்தவர். அங்கே இரண்டு பேர் கையைப் பிடித்து அப்படி ஆட்டினால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அவர் நேராக எங்கள் நடுவே வந்து நின்று இரண்டு கைகளையும் ஏந்தினார். "வண்டி வாங்கினவன் பாதை வெள்ளையா இருக்கட்டும். சக்கரத்துக்குக் கல்லு தட்டாம இருக்கட்டும். கொடுத்தவன் பட்டியும் குறையாம இருக்கட்டும்."

எங்கள் மண்ணில் ஒரு பெரியவர் கையேந்தினால் எதிரே நிற்பவன் கையும் தானாக ஏந்திக்கொள்ளும். யோசிக்க நேரமே இருக்காது. ஜர்லிக்கின் சகதிக் கைகள் ஏந்தின. உலுக்மானின் கைகள் ஏந்தின. வேன்காரனான என் கைகளும், வெட்கம்கெட்டவை, ஏந்தின. எல்லாரும் ஓமின், அப்படியே ஆகட்டும் என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். கையை இறக்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று எங்களுக்கு உறைத்தது.

பெரியவர் வாழ்த்திய வியாபாரத்தை யாரும் திருப்ப முடியாது. வாங்குகிறவனும் முடியாது, விற்கிறவனும் முடியாது. ஜர்லிக் வண்டியின் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. விலை பேசவில்லை. ஏன் விற்கிறாய் என்று சந்தையில் ஒவ்வொருவரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை இவனிடம் கேட்கவே இல்லை. அவர் முகம் ஜன்னியில் கிடப்பவர் முகம் போல இருந்தது. உலுக்மானின் முகம் அதைவிட மோசம்.

உலுக்மானின் மனைவி நாஸ்குல், வயிற்றில் நான்காவது பிள்ளை, ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். அவள் ஒருத்திதான் அன்று சிரித்தாள். அநியாய விலை அப்படியே கைமாறியது. நாங்கள் கிளம்பும்போது பெரியவர் மகனைப் பார்த்து, தலைக்கயிற்றைக் கழற்றிக்கொள் என்றார். குதிரையை விற்பவன் தலைக்கயிற்றைச் சேர்த்துக் கொடுக்க மாட்டான். கொடுத்தால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடப் போய்விடும். காரில் தலைக்கயிறு எது? உலுக்மான் உள்ளே குனிந்து, கியர் கம்பியின் உச்சியிலிருந்த மரக்குமிழைத் திருகிக் கழற்றிக்கொண்டான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆப்ரிகாட் மரத்தில் அவனே கடைந்தது. உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. அதை அவன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையிலிருந்து கையை எடுக்காமலே எங்களுக்கு விடை கொடுத்தான்.

ஜர்லிக் மொட்டைக் கம்பியில் தன் காலுறை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வீடு வரை ஓட்டிவந்தார். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போகவில்லை. வழியில் கழுதை வண்டி ஒன்றின் பின்னால் கால் மணி நேரம் வந்தோம்.

மறுநாள் கெனாடியிடம் கொண்டுபோனார். கெனாடி காலையிலிருந்து மத்தியானம் வரை பார்த்தார். எண்ணெயைத் தொட்டு மோந்தார், புகையைப் பார்த்தார், டர்போவைக் கழற்றி விரலால் ஆட்டினார். ஒரு குறையும் இல்லை என்றார். சொல்லிவிட்டு அவரே நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். ஒரு குறையும் இல்லாத டர்போ வண்டியை நான் பார்த்ததில்லை, ஜாக்கிரதையாக இரு என்று சொல்லி அனுப்பினார். ஜர்லிக்கின் குழப்பம் தீர்ந்தபாடில்லை. இருக்கிற குறையைச் சகித்துக்கொள்ளலாம், இல்லாத குறையை எங்கே தேடுவது என்று பெர்மெத்திடம் புலம்பினார். வண்டியை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓட்டவில்லை.

உலுக்மான் தினமும் போன் செய்தான். நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிஷம் இன்ஜினை அப்படியே ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் டர்போ வெந்துவிடும் என்பான். குளிரில் மூன்றாவது கியரை அழுத்தித் தள்ளாதீர்கள், பதமாகக் கேட்டு வாங்குங்கள் என்பான். ஐந்தாம் நாள் அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் ஸ்டார்ட் செய்து போனை பானெட் பக்கத்தில் பிடிக்க முடியுமா என்று கேட்டான். ஜர்லிக் பிடித்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் ஜர்லிக் என் வீட்டுக்கு வந்தார். நாளை நோரூஸ், காலையிலேயே டோக்மோக் போய் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், நீங்கள் வேனை எடுத்துக்கொண்டு பின்னால் வாருங்கள், திரும்பி வர எனக்கு வண்டி வேண்டுமே என்றார்.

"பெரியவர் கையேந்தினத என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளே?"

"தெரியல மச்சான். திருப்பிக் கொடுத்தா அவருக்கு அவமானம். கொடுக்காட்டி அவன் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. போய் நிக்கிறேன், அப்புறம் பாத்துக்கலாம்."

என் வேன் விற்கப்போகிறது என்பதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஐந்து மாதம் சகதியில் அலைந்த மனிதர், கடைசியில் ஒரு தடவைகூட முந்தாமல் வண்டியைத் திருப்புகிறாரே என்றுதான் நினைத்தேன்.

டோக்மோக்கில் பண்டிகைக் கோதுமைக் கஞ்சி அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர் வாசல் கதவருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உலுக்மான் எங்களை எதிர்கொண்டு வந்தான், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தான். ஜர்லிக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றார்.

"தம்பி, அன்னிக்கு ஒண்ணு கேக்காம விட்டுட்டேன். இந்த வண்டிய ஏன் வித்தே?"

உலுக்மான் பானெட்டின் மேல் கையை வைத்தான்.

"நான் விக்கலையே அண்ணே," என்றான்.

நாஸ்குலுக்கு இந்த வண்டி வேண்டாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போக முடியாத வண்டி, விற்றுவிடு என்று நாலு வருஷமாகக் கேட்கிறாள். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் இவன் விளம்பரம் போடுவானாம். யாருமே வரக்கூடாத விலையைப் பார்த்துப் போடுவானாம். விளம்பரம் போட்டாயிற்று, ஒருத்தனும் வரவில்லை, நான் என்ன செய்ய என்று மனைவியிடம் சொல்லிவிடுவான். இதை அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா என்று நாஸ்குல் அண்டாவைக் கிளறியபடியே கேட்டாள்.

ஜர்லிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் நினைத்ததுதான் எனக்கும் தோன்றியது. நூறு வண்டிகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நல்ல வண்டி அவருக்குக் கிடைத்துவிட்டது. நான் கிண்டலுக்குச் சொன்னபடியே, விற்காதவனிடமிருந்து கிடைத்தது. அவன் விற்காததை வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் அவர் சாவியை நீட்டினார்.

"எடுத்துக்கோ."

உலுக்மானின் கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. அவன் அப்பா முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை எந்தப் பக்கம் போகப்போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அந்தக் கைக்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம்.

"அப்பா கையேந்தினது ஏந்தினதுதான்," என்றான் கடைசியில். "ஒரே ஒரு ரவுண்டு மட்டும் ஓட்டிட்டுத் தரேன்."

தனியாகப் போனான். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வரமாட்டான் என்று நான் சொன்னேன். ஜர்லிக் வாயில் விரலை வைத்தார். தூரத்தில், வயல்களுக்கு அப்பால், அந்தச் சத்தம் ஏறி இறங்கியது. பிறகு நெருங்கியது. வண்டி வந்து நின்றது, ஆனால் அவன் இன்ஜினை நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம் அப்படியே ஓடவிட்டான். பிறகு நிறுத்தினான், இறங்கினான், வீட்டுக்குள் போய் அந்த மரக்குமிழை எடுத்துவந்தான்.

பெரியவர் பதறி எழுந்தார். "டேய், தலைக்கயிறுடா அது."

"போகட்டும்ப்பா. இது இல்லாம அவருக்கு மூணாவது கியர் விழாது," என்று சொல்லிவிட்டு உலுக்மான் குனிந்து, குமிழைத் திருகி இறுக்கி, ஒரு தடவை உள்ளங்கையால் மூடித் திறந்தான்.

இதற்குள் அவன் பிள்ளைகள் மூன்று பேரும் என் வேனின் கதவைத் தள்ளித் திறந்து, மூன்று வரிசையிலும் உட்கார்ந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நாஸ்குல் கரண்டியோடு வந்து வேனைச் சுற்றிப் பார்த்தாள். விற்கிறீர்களா என்றாள். விற்கிறேன் என்றேன். உலுக்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்று கேட்டான்: "ஏன் விக்கிறீங்க?"

அடிபடாதது, பெயின்ட் அடிக்காதது, ஒரே கை என்பதெல்லாம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒன்றரை ஆண்டாகச் சொல்லிப் பழகியது. ஆனால் அந்தக் குமிழை இறுக்கிய கையைப் பார்த்துவிட்டேன். கடைசி வரிசைக்கு ஹீட்டர் சூடு வராது, எண்ணெய் குடிக்கும், மலையேற்றத்தில் மாடு மாதிரி மூச்சு வாங்கும், அதனால்தான் விற்கிறேன் என்றேன். அவன் தலையாட்டினான். மலைக்கு யார் போகப்போகிறார்கள், எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம் என்றான். பெரியவர் எங்கள் பக்கம் நடந்து வருவதைக் கண்டதும், நாஸ்குல் வழியில் நின்று, "மாமா, கொஞ்சம் பொறுங்க, இவங்க வெல பேசி முடிக்கட்டும்," என்றாள்.

வேனை அங்கேயே விட்டுவிட்டு நானும் ஜர்லிக்கும் நீலக் காரில் திரும்பினோம். ஊர் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று. ஜர்லிக் பழக்கப்படி அதன் பின்னால் முப்பதில் போனார். சாலை கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதருக்கு யோசனை சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு குழப்பமும்.

ஐந்தாறு கிலோமீட்டர் போன பிறகு அவர் குமிழைப் பிடித்து மூன்றாவது போட்டார். வண்டி என் முதுகைச் சீட்டோடு அழுத்தியது. லாரி ஜன்னல் பக்கமாகப் பின்னால் போனது. அவ்வளவுதான், தாண்டிவிட்டோம். முன்னால் தார்ச்சாலை, அதற்கப்பால் பனி படிந்த மலை.

உடனே அவர் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிட்டார். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

"என்ன ஆச்சு மாப்பிள்ளே?"

"முன்னால யாருமே இல்ல மச்சான்," என்றார். "எதப் பாத்து ஓட்டுறதுன்னு தெரியல."

அவர் போனை எடுத்து உலுக்மானைக் கூப்பிட்டார், ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்து, குமிழுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். வண்டியைக் கிளப்பினார். லாரியை எட்டினோம். இரண்டாவது, பிறகு மூன்றாவது. அந்தச் சத்தம் மறுபடி ஏறியது, ஏறிக்கொண்டே போனது, லாரி மறுபடி பின்னால் போனது. இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை.

போனிலிருந்து உலுக்மானின் குரல் மெதுவாக வந்தது.

"இப்ப நாலாவது போடுங்க அண்ணே."

ஜர்லிக் நாலாவது போட்டார்.